ஜெயிலுக்குப் போய் வந்தவருக்கு வேலை கொடுப்பீர்களா? பயமாக இருக்காதா?

கொடுப்பேன். கொடுத்தும் இருக்கிறேன். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்கில், அதாவது கூலிக்கு, அப்பர் என்கிற ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் என்னுடையது. தையல் மிஷினில் உட்காருபவர்கள் அநேகமாகப் பெண்கள்.

வேலூர் மத்திய சிறையில் காலணி தைக்கும் பிரிவு இருக்கிறது. போலீஸ்காரர்கள் போடும் ஷூ அங்கே தயாராகிறது. அங்கே தொழில் கற்றவர் ஒருவர் தண்டனை முடிந்து என்னிடம் வேலை கேட்டு வந்தார். தோலைக் கையில் எடுத்த விதத்திலேயே தொழில் தெரிந்தவர் என்று புரிந்தது. அதற்கு முன் போன இடங்களில் எல்லாம் நன்னடத்தைச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே அரசாங்கமே கற்றுக் கொடுத்த தொழிலை வெளியே வந்து செய்ய முடியவில்லை என்றால் அந்த மனிதர் எங்கே போவார்?

மற்றவர்களுக்குப் பயம் இருந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். இரவு ஷிப்ட் முடிந்து வேனில் போகிற பெண்களுக்குப் பக்கத்து மிஷினில் யார் என்று கேட்க உரிமை உண்டு. அதனால் மறைக்க வேண்டாம் என்று அவரிடமே சொன்னேன், அவரும் சம்மதித்தார். மூத்த அக்கா ஒருவர் நேராகவே கேட்டார்: "இன்னா கேஸுப்பா உனுது?"

"நிலத் தகராறுக்கா. பங்காளிய வெட்டிட்டேன். அவரு பொழச்சிக்கினாரு."

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. "ஜெயில்காரன்" என்றால் எதை வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்ளலாம். பங்காளிச் சண்டை எல்லா ஊரிலும் நடப்பது, அதை அவர்களால் எடைபோட முடிந்தது.

சிறை என்றாலே குற்றவாளி என்று நினைக்கிறோமே, அதுவும் சரியில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை! ஜாமீனுக்கு ஆள் இல்லாமல் உள்ளே கிடந்து கடைசியில் விடுதலையானவரையும் ஊர் அதே கண்ணோடுதான் பார்க்கிறது. பாலியல் வன்கொடுமை வழக்குகளிலோ, 10-க்கு 9-க்கும் மேல் குற்றம் சாட்டப்படுபவர் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்று அதே காப்பகம் ஆண்டுதோறும் சொல்கிறது. நாம் பயப்படும் முகம் ஒன்று, ஆபத்து வரும் திசை வேறு.

இதனால் யாரை வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பேன் என்று அர்த்தமில்லை. பெண்களிடம் அத்துமீறித் தண்டனை பெற்றவரை என் யூனிட்டில் உட்கார வைக்க மாட்டேன். அவருக்கும் பிழைப்பு வேண்டும்தான், ஆனால் அது இந்த இடமல்ல.

எனக்கு அவரால் வந்த தொல்லை ஒன்றே ஒன்று, அதுவும் அவர் செய்ததல்ல. ஏரியாவில் எங்காவது திருட்டு நடந்தால் போலீஸ்காரர்கள் விசாரணைக்கு என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு நாள் கூலி போகும், ஆர்டரும் தாமதமாகும். இப்போது ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தால் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நானே கூடப் போகிறேன்.

நீங்கள் யாரையாவது சேர்ப்பதாக இருந்தால், என்ன வழக்கு, எப்போது முடிந்தது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நேரில் கேளுங்கள். பல வருடம் உள்ளே இருந்தவருக்கு ரேஷன் கார்டில் பெயர் இருக்காது, வங்கிக் கணக்கு முடங்கிப் போயிருக்கும். முதல் சம்பளத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, அந்த வாரமே அவரோடு பேங்குக்கு ஒரு நடை போய்வாருங்கள்.