புரட்டாசி முதல் சனிக்கு வான் ரீனன் கணவாய் வழியே போகலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சட்ஸ்வர்த்தில் வசிக்கிறோம். புரட்டாசி முதல் சனிக்கிழமைப் பூசைக்கு ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். வயதான பாட்டியும் குழந்தைகளுமாகப் பன்னிரண்டு பேர் வெள்ளி இரவு வேனில் கிளம்புவதாக இருக்கிறோம். ‘இதே நாளில்’ என்று, முந்தைய ஆண்டுகளின் வானிலை நிகழ்வுகளைத் தேதிவாரியாகச் சொல்லும் ஒரு பட்டியல் குடும்பத்தில் எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றுகிறது. அதில் செப்டம்பர் 21 அன்று, எங்கள் வழியிலுள்ள வான் ரீனன் மலைக்கணவாயில் வண்டிகள் பனியில் சிக்கியதாக இருக்கிறது. பயணத்தையே தள்ளிவைத்துவிடலாமா?

பதில்: பயண நாளை இப்போதே மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வெள்ளி இரவில் கிளம்புவதை மட்டும் கட்டாயம் கைவிடுங்கள்.

பட்டியலில் உள்ள செய்தி உண்மைதான். 2024 செப்டம்பர் 20, வெள்ளி இரவு தொடங்கிய பனிப்பொழிவால், மறுநாள் வான் ரீனன் கணவாய்க்கும் வார்டன் ஊருக்கும் இடையே டர்பன்–ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டது, நூற்றுக்கணக்கான லாரிகளும் கார்களும் நின்ற இடத்திலேயே நின்றன, உயிரிழப்பும் நேர்ந்தது. அந்த ஆண்டில் அதுவே புரட்டாசி முதல் சனி என்பதால், உங்கள் வீட்டில் அச்சம் எழுந்திருப்பதில் வியப்பில்லை. ஆயினும், அந்தக் கணவாயில் செப்டம்பர் மூன்றாம் வாரம் பெரும்பாலான ஆண்டுகளில் சாலை மூடப்படாமலேயே கழிகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூறாண்டுப் பதிவுகளை எடுத்து 366 நாள்களுக்கும் பங்கிட்டால், ஒவ்வொரு நாளின்மீதும் ஏதேனும் ஒரு புயலோ கடுங்குளிரோ வந்து விழத்தான் செய்யும். போதாக்குறைக்கு, இங்கே ஒரு நாளின் மழையளவு காலை எட்டு மணிக்கு எடுக்கப்படுவதால், நள்ளிரவைத் தாண்டிப் பெய்த ஒரே மழை ஒரு பட்டியலில் 11ஆம் தேதி என்றும் மற்றொன்றில் 12ஆம் தேதி என்றும் இடம்பெறுவதுண்டு. ஆகவே அந்தப் பட்டியலிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, எந்தப் பருவத்தில் எப்படிப்பட்ட வானிலை வரக்கூடும் என்பது மட்டுமே.

நம் பஞ்சாங்கக் கணக்கும் இங்கே தலைகீழ். ஆடிக் கூழ் ஊற்றும் காலமே இங்குக் கடுங்குளிர். ஜோகன்னஸ்பர்க்கில் பனி பெய்த 2012 ஆகஸ்ட் 7 ஆடியில் வந்தது, 2023 ஜூலை 10 அதற்குச் சற்று முன்னதாக ஆனியில் வந்தது. புரட்டாசி பிறக்கும்போது வசந்தம் வந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் 1981இல் ஜோகன்னஸ்பர்க்கில் பனி விழுந்தது செப்டம்பர் மாதத்தில்தான்.

இதற்குக் காரணமான வானிலை அமைப்பைக் ‘கட்-ஆஃப் லோ’ என்பார்கள். மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் ஓடும் காற்றோட்டத்திலிருந்து குளிர்ந்த காற்றுத்திரள் ஒன்று அறுந்து, நாட்டின்மேல் தனித்துச் சுழன்றுகொண்டு, நகர மனமில்லாததுபோல் ஓரிரு நாள் நின்றுவிடும். அதே வேளையில் தெற்கே கடலின்மேல் நிலைகொள்ளும் உயர் அழுத்தம் இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்றைக் கரைக்குத் தள்ளும். அந்த ஈரம் டிராக்கன்ஸ்பெர்க் மலைச்சரிவில் ஏறும்போது கீழே பெருமழையாகவும் மேலே பனியாகவும் கொட்டுகிறது. இளவேனிலும் இலையுதிர் காலமும் இதற்கு மிகவும் உகந்த பருவங்கள். ஏறத்தாழ நானூறு பேரைப் பலிகொண்ட 1987 செப்டம்பர் இறுதி நேட்டால் வெள்ளமும், சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து டர்பனைக் குலைத்த 2022 ஏப்ரல் 11, 12 மழையும் இவ்வகை அமைப்பினால் விளைந்தவையே. 2025 ஜூனில் மலைகளில் பனியைக் கொட்டிய அமைப்பே ம்தாதா நகரில் வெள்ளத்தைக் கொண்டுவந்து, கிழக்குக் கேப் மாகாணத்தில் நூறு பேர்வரை உயிரிழக்கக் காரணமாயிற்று. சட்ஸ்வர்த்தில் நீங்கள் கிளம்பும்போது கிழக்குக் காற்றோடு விடாத மழை பெய்தால், அதே மழை வான் ரீனனில் என்னவாக விழுகிறது என்று விசாரிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். அந்தக் கணவாய் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

நாம் ‘பனி’ என்ற ஒரே சொல்லால் மூன்றைக் குறிக்கிறோம். பனிமூட்டம் என்றால் முன்னே போகும் வண்டி தெரியாது. வான் ரீனனில் இது அடிக்கடி நிகழ்வது. பனிப்பொழிவு சாலையையே மூடிவிடும். உறைபனியோ கண்ணுக்கே தெரியாது: ஈரமான தார்ச்சாலை போலக் கறுத்து மினுங்கும், முதலில் பாலங்களின்மேல் பிடிக்கும். கடுங்குளிர் பெரும்பாலும் புயலன்று வருவதில்லை. மேகம் கலைந்து, காற்றும் அடங்கி, தரையில் பனி கிடக்கும் இரவில்தான் வெப்பம் மளமளவென்று இறங்கும். கிழக்குக் கேப்பில் மோல்டெனோவுக்கு அருகிலுள்ள பஃபல்ஸ்ஃபொன்டெய்னில் 2013 ஆகஸ்ட் 23 அன்று பதிவான மைனஸ் 20.1 டிகிரி இந்நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை. எனவே “பனி நின்றுவிட்டது, சாலையைத் திறந்துவிட்டார்கள்” என்று கேட்டவுடன் அன்றிரவே புறப்படுவது சரியன்று.

திங்கட்கிழமை முதலே தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் அறிவிப்பைப் பாருங்கள். அவர்களுடைய எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்ற நிறங்களோடு 1 முதல் 10 வரை எண்ணும் தாங்கி வரும். எண் ஏற ஏற அபாயமும் கூடும். கட்-ஆஃப் லோ என்ற சொல் அறிவிப்பில் இல்லையென்றால், வெள்ளி விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறிய பிறகு கணவாயைக் கடந்து, இருட்டுவதற்குள் லெனேசியா சேர்ந்துவிடலாம். கணவாய்க்கு முன்னே வரும் எஸ்ட்கோர்ட்டிலேயே எரிபொருளை முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள். மலையேறுவதா திரும்புவதா என்பதையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். கணவாயைத் தாண்டி வரும் ஹாரிஸ்மித்துக்கு அப்பால் வார்டன் வரை ஒதுங்க இடமில்லாத வெட்டவெளி.

கரையோர வண்டிகளின் ரேடியேட்டரில் பலர் வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருப்பார்கள். அது உறைந்தால் எஞ்சின் வெடிப்புக் காணும். உறையாத கூலன்ட் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஆளுக்கொரு கம்பளி, பாட்டியின் மருந்துகள் இரண்டு நாளைக்கு, குடிநீர், கைவிளக்கு ஆகியவை மேற்கூரையில் கட்டிய மூட்டையில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒருவேளை சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். சூட்டுக்காக எஞ்சினை ஓட்டும் ஒவ்வொரு முறையும் ஒருவர் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிய பனியைக் கையால் தள்ளிவிட வேண்டும்; குழாய் அடைபட்டால் நச்சுப்புகை வண்டிக்குள் திரும்பி, தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். சன்னலை ஒரு விரற்கடை திறந்தே வையுங்கள்.

வியாழன் மாலை அறிவிப்பில் மலைப்பகுதிக்குப் பனிப்பொழிவு எச்சரிக்கை இருந்தால், அண்ணனுக்கு அப்போதே சொல்லிவிட்டு, முதல் சனிப் பூசையைச் சட்ஸ்வர்த் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் இன்னும் மூன்று சனிக்கிழமைகளாவது மீதமிருக்கும்.