விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

"கணவருக்கு நிணநீர்ப் புற்றுநோய். ஜிப்மரில் மூன்று கீமோ முடிந்திருக்கிறது. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து சொந்தக்காரர்கள் வருவதில்லை. எனக்குத் தூக்கமில்லை, முடி கொட்டுகிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அடிக்கடி தடவிப் பார்க்கிறேன். போன கீமோவுக்குப் பத்தாம் நாள் ராத்திரி அவருக்கு உடம்பு கொதித்தது. கூட வர ஆளில்லை. பாராசிட்டமால் கொடுத்தேன், விடிவதற்குள் தணிந்தது. வாட்ஸ்அப்பில் வந்த முள் சீத்தா இலைக் கஷாயமும் தருகிறேன். எனக்கும் இந்த நோய் வருமா?"
– வாசகி, கடலூர் முதுநகர்

அவரிடமிருந்து உங்களுக்கு ஒட்டாது அம்மா. ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம். கீமோ ஏற்றிய இரண்டு நாள் மட்டும் அவருடைய வாந்தி, சிறுநீரைத் துடைக்கும்போது கையுறை போடுங்கள். அது மருந்துக்காக, நோய்க்காக அல்ல. தூக்கம் கெட்டால் முடி கொட்டத்தான் செய்யும். கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தால் அங்கே வலிதான் வரும். கஷாயத்தைக் கொட்டிவிடுங்கள். அதை அனுப்பியவர் உங்கள் கணவரின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தவரில்லை.

என்னை உலுக்கியது அந்தக் காய்ச்சல். கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது 100.4 டிகிரி தொட்டாலே அவசரம்; கிருமி ரத்தத்தில் பரவச் சில மணி நேரம் போதும். பாராசிட்டமால் சூட்டை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. அன்று தப்பித்தது அதிர்ஷ்டம். குளிர் நடுக்கம் வந்தால், சூடு தெரியாவிட்டாலும் கிளம்புங்கள். ஜிப்மர் வரை போக முடியாவிட்டால் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். வரிசையில் உட்காராமல், "கீமோ முடிந்து பத்து நாள், காய்ச்சல்" என்று சொல்லி ஃபைலை நீட்டுங்கள்.

சரி, கூட வர ஆள்? "ஏதாவது வேணுமா" என்று கேட்பவர்களிடம் நாம் "ஒண்ணும் வேண்டாம்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இனி வேலையைச் சொல்லிக் கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா வண்டி எடுப்பீங்களா?" எதிர்வீட்டுத் தம்பியோ தெருமுனை ஆட்டோக்காரரோ, இரண்டு பேர் தலையாட்டினால் போதும். யாரும் எடுக்காவிட்டால் 108. ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படும் சொந்தக்காரர்களில் ஒருவரை அடுத்த முறை ஜிப்மருக்கு அழைத்துப் போங்கள். டாக்டர் வாயால் கேட்கட்டும். அவர் ஒரு ராத்திரி காவல் இருந்தால் நீங்கள் தூங்கலாம். மனசு தாங்காத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள்; இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

அப்புறம், "உடம்பு கொதித்தது" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், எத்தனை டிகிரி என்று இல்லை. வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை போலிருக்கிறது. இன்றைக்கே ஒன்று வாங்குங்கள்.