தினமும் 200 குண்டு

கேள்வி: என் மகன் இரண்டு வருடமாக ஏர் ரைஃபிள் பழகுகிறான். தினமும் 200 குண்டு சுடாமல் வீடு திரும்புவதில்லை. ஆனாலும் 654-க்கு ஸ்கோர் 605-ஐத் தாண்ட மறுக்கிறது. விலை உயர்ந்த ஜெர்மன் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தால் ஏறுமா?
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: ஏறும், கடைக்காரரின் வியாபாரம்.

200 குண்டு என்கிறீர்களே, அதில் எத்தனையை அவன் கவனித்துச் சுட்டான்? போட்டியிலேயே 60 குண்டுதான், அதற்கு 75 நிமிடம் தருகிறார்கள். கணக்கு முடிந்தால் போதும் என்று சுடுகிற பையன், தன் தப்பையும் சேர்த்தே 200 தடவை பழகிக்கொள்கிறான்.

10 மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. குண்டின் குறுக்களவே 4.5 மில்லிமீட்டர். விரல் டிரிகரை லேசாக வெட்டி இழுத்தாலே 10.5 விழ வேண்டிய இடத்தில் 9.8 விழும். குண்டு போட்டுச் சுடும்போது அந்த வெட்டு பிடிபடாது. அதிர்வு மறைத்துவிடும், கண்ணும் உடனே குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் மானிட்டருக்கு ஓடிவிடும். அதற்குத்தான் டிரை ஃபயரிங். குண்டில்லாமல் விசை மட்டும் 'டிக்' என்று விழும். அந்த நொடியில் குறி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் ஓடினால் முதலில் விரலைச் சந்தேகப்படலாம்; மேலும் கீழும் ஆடினால் மூச்சை. எட்டுப் பத்து நொடியில் குறி நிற்கவில்லையா, சுடாமல் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். நம் பிள்ளைகளுக்குச் சுலபத்தில் வராதது இந்த இறக்குதல்தான்!

அபினவ் பிந்த்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றில் 597 (தசமம் இல்லாத அன்றைய கணக்கில் 600-க்கு) எடுத்தவர், இறுதியில் ஏழாவது இடம். நின்ற இடத்தில் தரை ஓடு ஒன்று ஆட்டம் கண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அவர் ஓட்டைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. வீட்டு ரேஞ்சில் ஆடும் ஓடு ஒன்றைப் பதித்து, அதன்மேல் நின்று பழகினார். பெய்ஜிங்கின் பெரிய அரங்கு மிரட்டக் கூடாதே என்று கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து அதில் சுட்டார் (சாப்பாட்டுப் பந்தி இல்லாத ஒரே முகூர்த்தம்). 2008 ஆகஸ்ட் 11 இறுதிப் போட்டியில் பத்துக் குண்டில் ஒன்றுகூட பத்துக்குக் கீழே போகவில்லை. கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்தின் ஹக்கினெனும் அவரும் சரிசமம். ஹக்கினென் சுட்டது 9.7, பிந்த்ரா 10.8. தகுதிச் சுற்றையும் சேர்த்து மொத்தம் 700.5, தங்கம்.

மகனின் 200-ஐ 60 ஆக்குங்கள். ஒவ்வொரு குண்டும் எங்கே விழுந்திருக்கும் என்று மானிட்டரைப் பார்க்கும் முன்பே அவன் வாய்விட்டுச் சொல்லட்டும். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போகத் தொடங்கிய பிறகும் ஸ்கோர் அசையாவிட்டால், துப்பாக்கியைப் பற்றிப் பயிற்சியாளரிடம் பேசுங்கள். அதற்கு முன், வளர்கிற பையன் அல்லவா, இருக்கிற துப்பாக்கியின் பின்கட்டை நீளம் இன்னும் அவன் தோளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் காசு கிடையாது.