பிரேசிலிய ஜியு-ஜிட்சுவும் மல்யுத்தமும்: கேள்வி பதில்

கேள்வி: இரண்டுமே எதிராளியைப் பிடித்துத் தரையில் வீழ்த்தும் கலைகள்தாம். அப்படியிருக்க, அடிப்படை வேறுபாடு எது?

பதில்: முதுகைப் பற்றிய அச்சம்தான். மல்யுத்தத்தில் இரு தோள்பட்டைகளும் ஒருசேர மெத்தையில் அழுத்தப்பட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்; ஆகவே மல்யுத்த வீரர் மல்லாந்து விழ நேரும்போதெல்லாம் உடலை முறுக்கிக் குப்புறத் திரும்பவே முயல்வார். ஜியு-ஜிட்சுவில் மல்லாந்து கிடப்பது தோல்வியன்று. கால்களால் எதிராளியின் இடுப்பை வளைத்துக்கொள்ளும் 'கார்டு' என்னும் நிலையிலிருந்து கழுத்தை நெரிக்கலாம், முழங்கையைப் பூட்டலாம், எதிராளியைப் புரட்டி மேலே ஏறவும் செய்யலாம். அங்கே அஞ்ச வேண்டியது குப்புறத் திரும்புவதற்குத்தான். முதுகின்மேல் ஏறியவர் கழுத்தைச் சுற்றிக் கையைச் செலுத்திவிட்டால் மீள்வது கடினம். ஒரு கலையில் உயிர் காக்கும் பழக்கம் மற்றொன்றில் உயிரைப் பறிக்கும் பழக்கமாகிறது. மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

கேள்வி: புள்ளி முறையிலும் இந்த வேறுபாடு தெரிகிறதா?

பதில்: தெளிவாகத் தெரிகிறது. சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிகளில் எதிராளியை வீழ்த்துவதற்கு 2 புள்ளிகள்தாம். அவருடைய கால்களைக் கடந்து பக்கவாட்டில் நிலைபெற்றால் 3, நெஞ்சின்மேல் அமரும் மவுன்ட் நிலைக்கும் முதுகைக் கைப்பற்றுவதற்கும் 4. கட்டற்ற பாணி மல்யுத்தத்திலோ, நின்ற நிலையிலிருந்து எதிராளியின் முதுகு மெத்தையை நோக்கும்படி நேராக வீழ்த்தினால் 4 புள்ளிகளும், உயரத் தூக்கி எறிந்தால் 5 புள்ளிகளும் கிடைக்கும். 10 புள்ளி முன்னிலை பெற்றவுடன் ஆட்டம் நிறுத்தப்படும். கால அளவும் வேறு. மல்யுத்தம் மூன்று நிமிடங்கள் கொண்ட இரு சுற்றுகளில் முடிந்துவிடுகிறது. ஜியு-ஜிட்சுவில் வயதுவந்தோர் கறுப்புப் பட்டை ஆட்டம் 10 நிமிடங்கள் நீள்கிறது. ஒருவர் வெடித்துப் பாய்வதற்கும் மற்றவர் பொறுத்திருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: 1993-இல் ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி பெற்ற வெற்றி, ஜியு-ஜிட்சுவே மேலானது என்பதை நிரூபித்துவிட்டதல்லவா?

பதில்: அது நிரூபித்தது வேறொன்றை. அவ்வாண்டு நவம்பரில் டென்வரில், பல சண்டைக் கலைகளைச் சேர்ந்தவர்கள் மோதிக்கொண்ட முதல் யுஎஃப்சி போட்டியில் அவர் வென்றபோது, எதிரே நின்றவர்களில் பலருக்குத் தரைச் சண்டை என்பதே புதிது. 1994 டிசம்பரில் தம்மைவிட மிகக் கனமான மல்யுத்த வீரர் டான் செவர்னை அவர் சந்தித்த ஆட்டம்தான் இந்தக் கேள்விக்கு நெருக்கமானது. செவர்ன் அவரைக் கால்மணி நேரம் தரையோடு அழுத்தி வைத்திருந்தார். ஆயினும் கீழே கிடந்த கிரேசியின் கால்கள் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து முக்கோணமாகப் பூட்டியதும் தோல்வியை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. செவர்னிடம் குறைந்தது வலிமையோ திறமையோ அன்று. அந்த ஆபத்தைப் பற்றிய அறிமுகம்தான்.

அறிமுகம் கிடைத்தபின் நிலைமை மாறியது. 1996-இல் மல்யுத்த வீரர் மார்க் கோல்மன், வீழ்த்தி மேலிருந்து குத்தும் முறையைக் கொண்டு இரு போட்டித் தொடர்களை வென்றார். 2006-இல் மல்யுத்தப் பின்னணி கொண்ட மேட் ஹியூஸ், கிரேசியையே முதல் சுற்றில் வென்றார். ஒரு தோல்வியும் காணாமல் 29 வெற்றிகளுடன் 2020-இல் ஓய்வுபெற்ற கபீப் நுர்மகொமெதோவ், மல்யுத்தமும் சாம்போ என்னும் ரஷ்யச் சண்டைக் கலையும் கற்று வளர்ந்தவர். தம் கடைசி ஆட்டத்தை அவர் முடித்தது, செவர்னை வீழ்த்திய அதே முக்கோணப் பூட்டால். எனவே 'எது மேல்' என்ற வாதம் எனக்குச் சலிப்பூட்டுகிறது. சண்டை எங்கே நடக்க வேண்டும் என்பதை மல்யுத்தம் தீர்மானிக்கிறது. அது எப்படி முடிய வேண்டும் என்பதில் ஜியு-ஜிட்சுவுக்குக் கூடுதல் விடைகள் இருக்கின்றன.

கேள்வி: பல ஆண்டுகள் மல்யுத்தம் பழகிவிட்டு இப்போது ஜியு-ஜிட்சுவில் சேர்ந்திருக்கிறேன். காலைப் பிடிக்கப் பாயும் ஒவ்வொரு முறையும், முன்னிருந்து கையால் வளைத்து நெரிக்கும் கிலட்டின் பிடியில் கழுத்து மாட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் பாய்ச்சலில் பிழை இல்லை, பாய்ந்த பிறகு தலை இருக்கும் இடம்தான் பிழை. மல்யுத்தத்தில் நெரிப்புப் பிடிக்குத் தடை இருப்பதால், தலை தாழ்ந்து கழுத்து நீண்டிருந்தாலும் தண்டனை கிடையாது. இங்கே ஒற்றைக் காலைப் பிடிக்கும்போது தலையை வெளிப்பக்கம் தொங்கவிடாமல் எதிராளியின் நெஞ்சோடு ஒட்டி அழுத்துங்கள். முதுகு நிமிர்ந்தும் பார்வை மேல்நோக்கியும் இருக்கட்டும். மாட்டிக்கொண்ட பிறகு தலையை வெறுமனே பின்னுக்கு இழுக்காதீர்கள். அது பிடியை இறுக்கவே செய்யும். முதலில் நெரிக்கும் கையின் மணிக்கட்டைப் பற்றிச் சற்று இடைவெளி உண்டாக்குங்கள். பிறகு, கழுத்தைச் சுற்றியிருக்கும் கைக்கு எதிர்ப்பக்கமாக உடலை நகர்த்திக் கால்களைக் கடந்து, தோளால் அவரை அழுத்துங்கள். அந்தக் கோணத்தில் பிடி வலுவிழக்கும்.

இன்னொன்று: ஹீல் ஹூக் அனுமதிக்கப்படும் பயிற்சிக்கூடமாக இருந்தால் வலிக்காகக் காத்திராதீர்கள். குதிகாலை முறுக்கும் அந்தப் பூட்டில் முழங்காலின் தசைநார்கள் கிழிந்த பிறகே வலி முழுமையாக உறைக்கக்கூடும். திமிறி விடுபடும் மல்யுத்த இயல்பு அங்கே உங்களுக்குப் பகை. கால் சிக்கியது என்று தெரிந்தவுடனே கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

கேள்வி: நான் நேர்மாறு. ஜியு-ஜிட்சுவில் வெள்ளைக்கு அடுத்த நீலப் பட்டை பெற்றுவிட்டேன். நின்ற நிலையில் யாரையும் வீழ்த்த முடியவில்லை.

பதில்: பயிற்சியை மண்டியிட்டுத் தொடங்கும் வழக்கத்தின் விளைவு இது. எதிராளியை இழுத்துக்கொண்டு தாமே அமர்ந்துவிட விதி இடம் கொடுப்பதால், நின்று பழகவேண்டிய கட்டாயமும் இல்லை. ஏடிசிசி என்னும் பிடிச்சண்டைப் போட்டியில் புள்ளிகள் கணக்கிடப்படும் பகுதியில் அப்படி அமர்ந்தால் ஒரு புள்ளி பறிபோகும். அங்கே மல்யுத்தத்தின் மதிப்பு உயர்ந்ததில் வியப்பில்லை. பத்து உத்திகளைத் தேடாமல் நிற்கும் முறை, ஒற்றைக்கால் பிடி, இடுப்பைப் பின்தள்ளித் தடுக்கும் ஸ்ப்ரால் ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பயிற்சியின் முதல் சுற்றையும் நின்றே தொடங்குங்கள்.

கேள்வி: நாற்பது வயதைக் கடந்தவருக்கு எது ஏற்றது?

பதில்: ஜியு-ஜிட்சு. வேகத்தை நீங்களே கட்டுப்படுத்தலாம். 30 வயது முதலே மூத்தோர் பிரிவுகளும் உள்ளன.

கேள்வி: இரண்டிலும் காது மடல் தடித்துப்போகிறதே, அதைத் தவிர்க்க முடியாதா?

பதில்: காதுக் கவசம் அணிந்தால் பெருமளவு தவிர்க்கலாம். அடிபட்ட மடலில் குருத்தெலும்புக்கும் தோலுக்கும் இடையே இரத்தம் தேங்குவதே காரணம். அது இறுகிவிட்டால் வடிவம் திரும்பாது. வீக்கம் மெத்தென்று இருக்கும்போதே மருத்துவரிடம் சென்று வடித்து, மீண்டும் தேங்காதவாறு அழுத்திக் கட்டச் சொல்லுங்கள். வீட்டில் ஊசியால் குத்தி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துணிச்சல் வேண்டாம், குருத்தெலும்பில் தொற்று ஏற்பட்டால் மடலின் வடிவமே சிதைந்துவிடும்.