பழைய பிரீமியர் பத்மினி காரின் வேகத்தைக் கூட்ட முதலில் எதை மாற்றுவது?

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரை அல்ல, பிரேக்கை. 1089 சிசி இன்ஜின், சுமார் 40 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இதில் பெரிய கார்புரேட்டரை மாட்டி மலைப்பாதையில் இறங்கினால், டிரம் சூடேறி, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க யோசிக்கும். முன்பக்கம் டிஸ்க் பிரேக் போடுவதென்றால், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் அதற்குத் தோதாக இருக்க வேண்டும்.

அப்புறம் இக்னிஷன், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் அமைப்பு. ரோட்டோரத்தில் விசிட்டிங் கார்டைச் செருகி, ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் காண்டாக்ட் பாயின்ட்டுக்கு இடைவெளி வைத்திருப்பீர்களே, எலக்ட்ரானிக் இக்னிஷனில் அந்தப் பாடே கிடையாது. என்னைக் கேட்டால், கொடுக்கும் காசுக்கு இதுதான் லாபம்.

இன்ஜினையே மாற்றுவதானால் ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். கழற்றிய பழைய பார்ட்ஸைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், விற்கும்போது கேட்பார்கள்.