கிளாட் தேர்வு: மார்க் இறங்கினால் எங்கே பார்ப்பது?

வாசகர் கேள்வி – பதில்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு டிசம்பரில் நடக்கும் கிளாட் நுழைவுத் தேர்வைப் பற்றித்தான் இம்முறை நிறையக் கடிதங்கள். பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் ஒன் படிக்கிறேன். கிளாட் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கும் என்கிறார்கள். சட்டமும் எனக்கு ஒன்றும் தெரியாது. நான் எழுத முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– மாணவி, அரியலூர்

தாராளமாக எழுதலாம். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் தடையில்லை. பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீத மதிப்பெண் வேண்டும். பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம், வயது உச்சவரம்பும் இல்லை. சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான் என்பது உண்மை. அதனால் உங்கள் தயாரிப்பை வாசிப்பிலிருந்து தொடங்குங்கள்.

ஏன் வாசிப்பு என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மணி நேரத்தில் 120 கேள்விகள். ஆங்கிலம் 22 முதல் 26, நடப்பு நிகழ்வும் பொது அறிவும் 28 முதல் 32, சட்டப் பகுத்தறிவு 28 முதல் 32, தர்க்கம் 22 முதல் 26, கணக்கு 10 முதல் 14 கேள்விகள். கணக்கைத் தவிர மற்ற நான்கு பகுதிகளிலும் 450 சொற்கள் வரை நீளும் ஒரு பத்தியும், அதன் கீழே ஐந்தாறு கேள்விகளும் வரும். மொத்தம் சுமார் 22 பத்திகள், ஏறக்குறைய 10,000 சொற்கள். நிமிடத்துக்கு 200 சொல் வாசிப்பவருக்குப் பத்திகளைப் படிக்க 50 நிமிடம் ஆகும். 120 சொல் வாசிப்பவருக்கு 83 நிமிடம் போய்விடும். மீதமுள்ள 37 நிமிடத்தில் 120 கேள்விகளையும் படித்து, யோசித்து, வட்டமும் நிரப்ப முடியாது. தமிழ்வழி மாணவர்கள் பலர் அறிவுக் குறைவால் தோற்பதில்லை, இந்த இரண்டு வேகங்களுக்கும் இடையிலுள்ள 33 நிமிடத்தில்தான் தோற்கிறார்கள். இது பயிற்சியால் மாறக்கூடியது. உங்கள் கையில் ஒன்றரை ஆண்டு இருக்கிறது.

முதல் இரண்டு மாதம் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நாளுக்கு ஓர் ஆங்கிலத் தலையங்கம் போதும். பள்ளி நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ ‘தி இந்து’ கிடைத்தால் அதை எடுங்கள். படித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு, எழுதியவர் என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார், யாரோடு மாறுபடுகிறார் என்று மூன்று வரி எழுதுங்கள். அதைத் தமிழிலேயே எழுதலாம். எழுத வரவில்லை என்றால் படித்தது புரியவில்லை என்று பொருள். எந்த வாக்கியத்தில் தடுக்கியது என்று திரும்பிப் போய்த் தேடுங்கள். தெரியாத சொல்லைத் தனியாக எழுதி மனப்பாடம் செய்வது வீண் வேலை. அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதுங்கள், நாளுக்கு ஐந்து சொல் போதும்.

மூன்றாம் மாதத்திலிருந்து 450 சொல் அளவுள்ள பகுதியை எடுத்து நேரம் குறியுங்கள். 4 நிமிடத்தில் தொடங்கினால் 3 நிமிடத்துக்கும், பிறகு இரண்டேகால் நிமிடத்துக்கும் கொண்டுவர வேண்டும். வேகம் கூடாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: உதட்டுக்குள் ஒவ்வொரு சொல்லையும் முணுமுணுப்பது, படித்த வரிக்கே கண் திரும்பத் திரும்பப் போவது. பேனா முனையை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே படித்தால் இரண்டாவது பழக்கம் சீக்கிரம் குறையும். மூன்று வரிச் சுருக்கத்தை மட்டும் எந்தக் கட்டத்திலும் விட்டுவிடாதீர்கள். புரிதல் இல்லாத வேகம் நெகட்டிவ் மார்க்கில்தான் போய் முடியும்.

இந்தத் தேர்வுக்கென்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்ட வேண்டாம். இங்கே யாரும் உங்களைப் பேசச் சொல்லப்போவதில்லை. வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தேடித் தரும் ‘ஐடியா’ என்ற அமைப்பு இருக்கிறது. சட்ட அறிஞர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கியது. அங்கே விண்ணப்பித்துப் பாருங்கள்.

சட்டப் பகுத்தறிவுப் பகுதியில் நியாயமாகப் படும் விடையைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். பாதிக்குமேல் தவறாகிவிடுகிறது. சட்டப் புத்தகம் ஏதாவது வாங்கிப் படிக்கவா?
– பிளஸ் டூ மாணவர், திண்டுக்கல்

வாங்க வேண்டாம். உங்கள் சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது: நியாயமாகப் படுவதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பத்தியில் ஒரு விதி தரப்பட்டிருக்கும், அதைக் கேள்வியில் வரும் நிகழ்வின்மீது பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் வேலை.

‘ஒருவருடைய அசையும் பொருளை, அவருடைய சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்துவது திருட்டு’ என்று பத்தி சொல்வதாக வைத்துக்கொள்வோம். மழைநாளில் பேருந்தை விட்டு இறங்கும் ஒருவர், தன்னுடையது என்று நினைத்துப் பக்கத்து இருக்கைக்காரரின் குடையை எடுத்துச் செல்கிறார். பொருள் அசையும் பொருள்தான், சம்மதமும் இல்லை, நகர்த்தியும் ஆயிற்று. நேர்மையற்ற எண்ணம் மட்டும் இல்லை. ஆகவே திருட்டு இல்லை. அடுத்த கேள்வியில் விதியை மாற்றுவார்கள்: ‘தவறுதலாக எடுத்த பொருளை, உண்மை தெரிந்த பிறகும் ஒரு நாளைக்குள் திருப்பித் தராவிட்டால் அதுவும் திருட்டே என்று கொள்க.’ நிஜச் சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்பது இங்கே தேவையில்லை. தந்த விதியை வைத்துத்தான் விடை. சட்டம் கொஞ்சம் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

படிக்கும்போதே விதியைத் துண்டு துண்டாக உடைத்து 1, 2, 3 என்று ஓரத்தில் எண்ணிடுங்கள். ‘மற்றும்’ என்று சேர்த்திருக்கிறார்களா, ‘அல்லது’ என்று பிரித்திருக்கிறார்களா, ‘தவிர’ என்று விலக்கு வைத்திருக்கிறார்களா என்று வட்டமிடுங்கள். பிறகு நிகழ்வோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள். தொடக்கத்தில் மெதுவாகத்தான் இருக்கும், நாற்பது ஐம்பது பத்திகளுக்குப் பிறகு கண்ணே செய்யும். இந்தப் பகுதிக்கு இன்னொரு காரணத்தாலும் உழைக்கலாம்: இருவர் ஒரே மொத்த மதிப்பெண் எடுத்தால், சட்டப் பகுத்தறிவில் கூடுதல் பெற்றவருக்குத்தான் முன்னிடம்.

ஒரு வருஷம் டிராப் எடுத்துப் படிக்கிறேன். ஜூலையில் மாக் டெஸ்டில் 72 எடுத்தவன், இப்போது 59இல் நிற்கிறேன். நாளுக்கு 10 மணி நேரம் படிக்கிறேன். படிக்கப் படிக்க இறங்குவது ஏன்? விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
– மாணவர், திருநெல்வேலி

விடுவதா வேண்டாமா என்பதை இந்த 59ஐ வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த எண் எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள். நீங்கள் அனுப்பிய விடைத்தாள் விவரப்படி, 104 கேள்விகளுக்கு விடையளித்து 68 சரி, 36 தவறு. தவறு ஒவ்வொன்றுக்கும் 0.25 என 9 மார்க் போயிருக்கிறது. ஜூலைத் தேர்வில் 92க்கு விடையளித்து 76 சரி, 16 தவறு, ஆகவே 72. படிப்பு குறையவில்லை. 12 கேள்வி கூடுதலாகத் தொட்டிருக்கிறீர்கள், அதற்காக அவசரப்பட்டதில் தெரிந்த கேள்விகளும் கெட்டிருக்கின்றன. மாக் டெஸ்ட் நடத்துகிறவர்கள் தேர்வு நெருங்கும்போது தாளைக் கடினமாக்குவதும் உண்டு. அதனால் மார்க்கை மட்டும் பார்க்காமல், அதே தேர்வை எழுதியவர்கள் மத்தியில் உங்கள் இடம் எப்படி நகர்கிறது என்று பாருங்கள்.

இனி இரண்டு வாரம் புதிய மாக் டெஸ்ட் வேண்டாம். எழுதி முடித்த கடைசி நான்கு தாள்களை எடுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்வியையும் விடைக்குறிப்பைப் பார்க்காமல், நேரக்கட்டுப்பாடு இல்லாமல் மறுபடி போடுங்கள். இப்போது சரியாக வந்தால் அது அவசரத்தில் போனது. இப்போதும் தவறினால் புரியாதது. இரண்டு விடைகளுக்கு இடையே மாட்டிக்கொண்டு தவறானதைப் பிடித்தவை மூன்றாவது ரகம், அவற்றைத் தனியாக எழுதுங்கள். இந்த ரகத்தில் பெரும்பாலும் ஒரே பிழை திரும்பத் திரும்ப வரும்: பத்தி சொல்லாததை நாமாகச் சேர்த்துக்கொள்வது, அல்லது ‘எப்போதும்’, ‘மட்டுமே’ போன்ற சொல்லைக் கவனிக்காமல் விடுவது. சரியான விடை எந்த வரியில் இருக்கிறது என்று அடிக்கோடிட்ட பிறகே அடுத்த கேள்விக்குப் போங்கள். 2 மணி நேரத் தாள் ஒன்றை இப்படி அலச 4 மணி நேரம் ஆகும். அந்த நேரத்தைத் தராத மாக் டெஸ்டை எழுதாமலே இருக்கலாம்.

ஊகித்து எழுதுவதைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கணக்கு இதுதான்: நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் சராசரியாகக் கிடைப்பது 0.06 மார்க், ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு விடையை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் 0.17, இரண்டைத் தள்ள முடிந்தால் 0.375. ஆகவே இரண்டைத் தள்ள முடிந்த கேள்வியை விடாதீர்கள். எதையும் தள்ள முடியாத கேள்வியில் அரை நிமிடம்கூட உட்காராதீர்கள்.

நேரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: நடப்பு நிகழ்வு 15 நிமிடம், சட்டம் 35, ஆங்கிலம் 25, தர்க்கம் 28, கணக்கு 12. மீதி 5 நிமிடம் விட்டதைப் பார்க்க. நடப்பு நிகழ்வில் தெரிந்தால் தெரியும், இல்லையென்றால் யோசித்துப் பயனில்லை. அதனால் அங்கே சேமிக்கும் நிமிடங்கள்தான் மற்ற பகுதிகளைத் தாங்கும். இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த வரிசையை எடுத்தாலும் அக்டோபருக்குப் பிறகு மாற்றாதீர்கள்.

10 மணி நேரத்தை 6 ஆக்குங்கள். களைத்த கண்ணோடு வாசிக்கும்போது அவசரப் பிழைகள்தான் கூடும். தேர்வு பிற்பகல் 2 மணிக்கு நடக்கிறது. உங்கள் மாக் டெஸ்டுகளையும் அதே நேரத்தில், சாப்பிட்ட பிறகு வரும் மந்தத்தோடு எழுதிப் பழகுங்கள்.

நடப்பு நிகழ்வுக்கு எத்தனை மாதம் பின்னால் போக வேண்டும்?
– மாணவி, காரைக்குடி

தேர்வுக்கு முந்தைய ஓராண்டு. தேதிகளைத் தனியாகப் படிக்காமல், ஒரு செய்தியின் பின்னணியையும் சேர்த்துப் படியுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது என்பது செய்தி. அதோடு வந்த மற்ற இரு சட்டங்கள் எவை, அவை எந்தச் சட்டங்களின் இடத்தில் வந்தன, பழையதில் 511 பிரிவுகள் இருந்தது புதியதில் 358 ஆனது ஆகியவைதான் கேள்வியாக வரும். ஒரு செய்திக்கு அரைப் பக்கம், வாரத்துக்குப் பத்துச் செய்தி என்பது சரியான அளவு.

கணக்கு வராது. அதை முழுவதுமாக விட்டுவிட்டால் என்ன?
– மாணவர், கரூர்

விடாதீர்கள். பத்தாம் வகுப்புச் சதவீதம், விகிதம், சராசரி, லாப நட்டம், அட்டவணை வாசிப்பு தாண்டி அதிகம் போவதில்லை. நாளுக்கு 20 நிமிடம் வீதம் மூன்று மாதம் போட்டால் எட்டு ஒன்பது மார்க் நிச்சயம் வரும்.

என் மகன் போன முறை எழுதி இடம் கிடைக்கவில்லை. மறுபடி ஒரு வருடம் உட்காருகிறேன் என்கிறான். அறையை விட்டு வெளியே வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்வது?
– ஒரு தாய், விருதுநகர்

அம்மா, முதலில் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பாருங்கள், தேர்வு அதற்குப் பிறகு. இரண்டு வாரத்துக்கு மேலும் இதே நிலை நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கட்டணமில்லாத மனநல உதவி எண் 14416. தமிழ்நாட்டு அரசின் 104ஐயும் அழைக்கலாம். அந்தப் பையனை அழைத்துப் பேச வைக்க முடியாவிட்டாலும், நீங்களே அழைத்து எப்படிப் பேசுவது என்று கேட்கலாம். சொந்தக்காரர்கள் ரேங்க் விசாரித்தால் அவன் காதுபட பதில் சொல்ல வேண்டாம்.

அடுத்து, அவன் முன்னால் கிளாட் ஒன்றுதான் இருக்கிறது என்ற எண்ணத்தை மாற்ற வேண்டும். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளிலும், சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்தவரும் இங்கே படித்தவரும் ஒரே பார் கவுன்சிலில் பதிவு செய்து, ஒரே அகில இந்திய பார் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். நீதிமன்றத்தில் வாதாடுவதுதான் அவன் ஆசை என்றால் இந்த வழியில் எந்தக் குறையும் இல்லை. பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்களின் கேம்பஸ் வேலைதான் நோக்கம் என்றால் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்குக் கூடுதல் வாய்ப்பு இருப்பது உண்மை. வேறு பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு வரும் வழியும் இருக்கிறது.

இன்னொரு வருடம் உட்காரலாமா என்பதற்கு எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: போன முறை எங்கே மார்க் போனது என்று அவனால் எழுதிக்காட்ட முடிகிறதா? பத்திகளை முடிக்க நேரமில்லை, தவறான விடைகள் அதிகம், பிளஸ் டூ படிப்போடு தயாரிப்பு மூன்று மாதம்தான் இருந்தது என்று ஒரு காரணம் தெளிவாகத் தெரிந்தால் ஒரு வருடம் கொடுக்கலாம். ‘இன்னும் நிறையப் படிப்பேன்’ என்பது மட்டுமே பதிலானால், கல்லூரியில் சேர்ந்துகொண்டே மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

கவுன்சலிங்கில் எங்கே ஏமாறுகிறார்கள்?
– ஒரு தந்தை, ஓசூர்

விருப்ப வரிசையில்தான். ‘என் ரேங்குக்குக் கிடைக்காது’ என்று நினைத்து நல்ல கல்லூரியைக் கீழே போட்டுவிடுகிறார்கள். நீங்கள் சேர விரும்பும் வரிசையிலேயே எழுதுங்கள், கிடைக்காததை மேலே எழுதுவதால் எந்த இழப்பும் இல்லை. கிடைத்தாலும் சேர மாட்டீர்கள் என்றால் அந்தப் பெயரை எழுதவே வேண்டாம். இடம் ஒதுக்கப்பட்ட பிறகு ‘ஃப்ரீஸ்’ கொடுத்தால் அந்த இடமே முடிவு, வேறு கல்லூரிக்கு மாற முடியாது. ‘ஃப்ளோட்’ கொடுத்தால் மேலே உள்ள கல்லூரிக்கு மாற வாய்ப்பு உண்டு, ஆனால் மாறியதும் பழைய இடம் தானாகவே போய்விடும், திரும்பக் கேட்க முடியாது.

மாநில ஒதுக்கீடு பல பல்கலைக்கழகங்களில் உண்டு. திருச்சி நவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குரிய இருப்பிடச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றை விண்ணப்பிக்கும்போதே வாங்கி வையுங்கள். முடிவு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் கவுன்சலிங் தேதிக்குள் கைக்கு வராது. ஆண்டுக் கட்டணம் லட்சங்களில் போகும் என்பதால் கல்விக் கடனுக்கு வங்கியில் முன்கூட்டியே பேசி வைப்பதும் நல்லது.