எட்டு பிட்டில் சேகா வருமா? சிப்ட்யூன் கேள்வி பதில்

போன வாரம் ஒரு காவடிச்சிந்து மெட்டைப் பழைய வீடியோ கேம் ஒலியில், அதாவது சிப்ட்யூனாக, போட்டுக் காட்டினேன். அதைக் கேட்டுவிட்டு இங்கே மொரிஷியஸில் நம் ஆட்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும். தலைப்பில் உள்ள சேகா நம் தீவின் ஆட்ட இசை, கேம் கம்பெனி அல்ல.

அண்ணா, கணினியில் இசையமைத்துப் பழக்கமே இல்லை. எதில் தொடங்குவது? காசு கட்டணுமா? (மாணவர், ரோஸ் ஹில்)

ஒரு காசும் வேண்டாம் தம்பி. பீப்பாக்ஸ் என்ற இசைத் தளம் உலாவியிலேயே திறக்கும். கட்டத்தைத் தொட்டால் ஸ்வரம் விழும். இரண்டு நாள் அதில் விளையாடிவிட்டு ஃபர்னஸ் என்ற ட்ராக்கரை (வரிசை வரிசையாக ஸ்வரம் எழுதி இசையமைக்கும் மென்பொருள்) இறக்கிக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

ஃபர்னஸைத் திறந்தால் மளிகைக்கடைக் கணக்கு நோட்டு மாதிரி இருக்கே தம்பி? (ஒரு அக்கா, காத்ர் போர்ன்)

கணக்கு நோட்டேதான் அக்கா! நேரம் மேலிருந்து கீழே ஓடும். ஒவ்வொரு பத்தியும் ஒரு சானல், அதாவது ஒரு நேரத்தில் ஒரு ஒலி தரும் குரல். 1983இல் வந்த ஃபேமிகாம் என்ற நின்டெண்டோ கேம் கருவியைத் தேர்ந்தெடுங்கள்: இரண்டு பல்ஸ் (சதுர வடிவ அலை), ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு சாம்பிள் (பதிவு செய்த ஒலி). மொத்தம் ஐந்தே பத்திகள். முதல் பாட்டுக்கு ஒரு பல்ஸும் முக்கோணமும் போதும்.

இரண்டே பல்ஸில் மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் கார்டு (chord) எப்படி வாசிப்பது? (கிட்டார்காரர், போர்ட் லூயிஸ்)

ஏமாற்றுவதுதான். சானலுக்குள் ஸ்வரத்தின் பக்கத்தில் இருக்கும் எஃபெக்ட் இடத்தில் 0047 என்று போடுங்கள். அடி ஸ்வரம், நாலு அரைச்சுரம் மேலே, ஏழு அரைச்சுரம் மேலே என்று ஒரே சானல் மாறி மாறிப் பாயும், நொடிக்கு 60 தடவை. காதுக்கு மேஜர் கார்டாகவே விழும். மைனருக்கு 0037.

முக்கோண சானல் என்றால் சேகாவில் டிங் டிங் என்று தட்டும் முக்கோணக் கம்பியா? (அதே மாணவர்)

இல்லை, அலையின் வடிவம்தான் முக்கோணம். ஆனால் நல்ல இடத்தில் கையை வைத்தீர்கள். நான் சேகா போடும் விதத்தைச் சொல்கிறேன்.

சேகா ஆறெட்டில் (6/8 தாளத்தில்) ஆடும். ட்ராக்கர் வழக்கமாக 64 வரிசை தரும். அது நான்கு நான்காகப் பிரியும், நமக்கு உதவாது. 48 ஆக்குங்கள். 12 வரிசைக்கு ஒரு சுற்று, நான்கு சுற்று. வேகம் 6 என்றால் ஒரு வரிசைக்கு 6 துடிப்பு; நொடிக்கு 60 துடிப்பு என்பதால் நொடிக்கு 10 வரிசை ஓடும், சுற்றுக்கு 1.2 நொடி. காவடிச்சிந்தின் மூன்று மூன்றான நடையும் இதிலேயே அழகாக உட்காரும்.

ராவான் என்ற சேகா பறைக்கு முக்கோண சானல். தாழ்ந்த ஸ்வரம் ஒன்றைப் போட்டு, 02இல் தொடங்கும் எஃபெக்டால் சட்டென்று கீழே சரியவிடுங்கள். ஆட்டுத்தோல் ‘தும்’ வந்துவிடும். இந்தச் சானலுக்கு ஒலியளவே கிடையாது, ஒலிக்கும் அல்லது நிற்கும். அதனால் அழுத்தமான அடிக்கு இன்னும் தாழ்ந்த ஸ்வரத்தை வையுங்கள். விதை குலுங்கும் பெட்டியான மராவானுக்கு இரைச்சல் சானல். கம்பியின் ‘டிங்’ மட்டும் மீதி பல்ஸில், உச்சத்தில், ஒரே ஒரு வரிசை.

கமகம் வருமா? (வீணை கற்பவர், கியூர்பிப்)

ஓரளவு. 03இல் தொடங்கும் எஃபெக்ட் அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும், 04 அசைக்கும். கமகம் நிறைந்த தோடி ராகத்தை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

மகன் ராத்திரியெல்லாம் இதைப் போட்டு உயிரை வாங்குகிறான். ஊசி குத்துகிற மாதிரி இருக்கு. (ஒரு தாய்)

12.5 சதவீத பல்ஸ் வைத்திருப்பான் அம்மா. 50க்கு மாற்றச் சொல்லுங்கள், கொஞ்சம் குழைந்து ஒலிக்கும். அப்படியும் தூக்கம் வராவிட்டால் ஹெட்ஃபோன்தான்.